அஸருக்குப் பிறகு மீன் பார்த்த பக்கம்

மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஆள் நான். வளர்க்கிற மீனில் எதைத் தூக்கிப் பார்ப்பது? மாத்தளை டவுனில் அந்த மீன்தொட்டிக் கடைக்குள் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு நின்றேன்.

போனது என் அக்கா, ராத்தாவுக்காக. அவள் புருஷனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் டவுனில் அஸர் என்கிற பின்னேரத் தொழுகையை முடித்துவிட்டு அலுவிகாரை வீட்டுக்கு வந்தவர், அறைக் கதிரையில் சாய்ந்து பிளேன்டீ கேட்டார். அதை ராத்தா ஊற்றி வருவதற்குள் மவுத்தாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அன்றிலிருந்து ராத்தா இத்தாவில் இருந்தாள். புருஷன் போனால் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் வீட்டோடு இருப்பது எங்கள் முறை. எல்லாப் பெண்களும் இருந்து முடித்து எழும்பத்தான் செய்கிறார்கள். இவள் எழும்புவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆறு வாரமாக வாய் திறக்கவில்லை. இரண்டு பிடி சோற்றோடு கையைக் கழுவிவிடுவாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. என் ராத்தாவும் போய்விடுவாள் என்ற பயத்தில் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

உயிருள்ள ஏதாவது ஒன்று அவள் கண்ணுக்கு முன்னால் அசைய வேண்டும் என்று பட்டது. பூனை என்றால் அவளுக்கு இழுப்பு வரும். மீன் என்றேன். எங்களோடு வந்து தங்கியிருந்த சாச்சி, எங்கள் சின்னம்மா, அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"இத்தா ஈக்கிற அறைக்குள்ள ஆம்புளை மீன் ஆகாது. பொம்புளை மீனாப் பாத்து எடு."

"சாச்சி, ஆம்புளை மீனுக்கு என்ன தாடியா ஈக்குது, பாத்து எடுக்க?"

அவர் சிரிக்கவில்லை. நானும் மச்சானின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, அவருடைய சிவப்பு ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் அன்று முதலாளிக்குப் பதிலாக அவர் மனைவிதான் இருந்தாள். சிங்களத்தில் பேசினோம். கப்பி பார்க்க அழகு, ஆனால் ஆள் தெரியாது என்றாள். பைட்டர் தன் நிழலோடேயே சண்டைக்குப் போகுமாம். கோல்ட்பிஷ் யார் கையை நீட்டினாலும் வாயைத் திறக்குமாம்.

"குணமுள்ள மீன் வேணும். பார்க்கிறவளைத் திரும்பிப் பார்க்கிற மீன்" என்றேன்.

அப்போதுதான் மூலைத் தொட்டியில் தனியாகக் கிடந்த ஒஸ்கார் மீன் என்னை நோக்கி வந்தது. கருப்பு உடம்பில் நெருப்புக் கோடுகள், உள்ளங்கை அகலம். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, நாய் வாலாட்டுவது மாதிரி முழு உடம்பையும் ஆட்டியது.

"இது யாருக்கும் இப்படி வராதே, நோனா" என்றாள் அவள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆணா பெண்ணா என்று கேட்டேன். வெளியே பார்த்துச் சொல்ல முடியாத சாதி என்றாள். வீட்டுக்கு வந்து சாச்சியிடம் பெண் என்று அடித்துச் சொன்னேன்.

தொட்டியை ராத்தாவின் அறையில், கட்டிலுக்கு எதிரே வைத்தோம். ஒரு பக்கம் வாசல், மறுபக்கம் மச்சானின் கதிரை. அந்தக் கதிரையில் யாரும் உட்காருவதில்லை. தம்புள்ளை மரக்கறி லொறி ரோட்டில் போனால் தண்ணீர் மெல்ல நடுங்கும், மீன் அசையாது. இரண்டு நாளும் அடியில் சாய்ந்து படுத்தே கிடந்தது. குணமுள்ள மீன் கேட்டவளுக்கு இது வேண்டும்தான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், அஸர் தொழுகை முடிந்த நேரம். மீன் எழும்பி வாசல் பக்கக் கண்ணாடிக்கு வந்து உடம்பை ஆட்டியது. வாசலில் யாரும் இல்லை. பிறகு மெதுவாக, ஓர் ஆள் நடக்கும் வேகத்தில், கண்ணாடியை ஒட்டியே நகர்ந்து கதிரை வரைக்கும் போய் நின்றது. நின்று கதிரையையே பார்த்தது.

"அவர் வந்தீக்கார்" என்றாள் ராத்தா. ஆறு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. "பிளேன்டீ ரெண்டு ஊத்திட்டு வா."

வாசலை இன்னொரு தரம் பார்த்தேன். பிறகு ஊற்றிக்கொண்டு போனேன். ஒரு கோப்பையைக் கதிரைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். அன்றைக்கு அவள் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். மீன் வாசலுக்கு வரும், கதிரைக்குப் போகும். ராத்தா தட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசுவாள், சாப்பிடுவாள். மற்ற வேளைகளில் பச்சைத் தண்ணீரும் வேண்டாம். சாச்சி ஓதித் தண்ணீர் தெளித்தார். எனக்கு ஜின் பேய் நம்பிக்கை எல்லாம் சரிவராது. இருந்தும் ஆறிப்போன அந்த இரண்டாம் கோப்பையை எடுக்கப் போகும்போது கதிரையை உரசாமல் போவேன். அவள் உடம்பு தேறியது. புத்தி நழுவுகிறதே என்று உள்ளுக்குள் அழுதேன்.

மீன் தீனி வாங்க மறுபடி கடைக்குப் போன அன்று முதலாளியே இருந்தார். என் கையிலிருந்த ஹெல்மட்டைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"இந்த ஹெல்மட்காரர் தினமும் பள்ளிவாசலிலிருந்து நேரே இங்கேதான் வருவார். அந்த ஒஸ்காருக்குத் தன் கையாலேயே தீனி கொடுப்பார். இப்போது ஏன் வருவதில்லை?"

மச்சான் மவுத்தானதைச் சொன்னேன். சொல்லும்போதே நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. மீன் வந்தது என்னைப் பார்த்தல்ல, ஹெல்மட்டைப் பார்த்து. அஸர் நேரத்து ஆட்டம் தீனிப் பழக்கம். வீட்டுக்கு ஓடி வந்து ராத்தாவிடம் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

"தெரியும்" என்றாள். "உனக்கொரு சக்களத்தி ஈக்கா, நெருப்புக் கலர்ல, அஸருக்குப் பொறகு அவள்ட போய்ட்டுத்தான் வாறேன்னு செல்லிச் சிரிப்பார். நீ கொண்டு வந்து வைக்கக்குள்ளயே வெளங்கிட்டு."

"அப்ப ஏன் வந்தீக்கார்னு செல்ற? அது பழக்கம், ராத்தா."

"நேரம் பழக்கம்தான். கடையில எங்கட வாசலும் இல்ல, இந்தக் கதிரையும் இல்ல. இங்க இருந்து அங்க போற வழிய அதுக்கு ஆரு காட்டினது?"

பேச்சில் என்னை மடக்கியவர்கள் குறைவு. அன்று அடுப்படிக்குப் போய் இரண்டு கோப்பை பிளேன்டீ ஊற்றினேன்.

இத்தா முடிந்த நாளில் ராத்தா குளித்து, நீலப் பூப்போட்ட சாரி உடுத்தி வந்தாள். அஸர் ஆனதும் கட்டிலுக்குப் போகவில்லை. நேராகப் போய் மச்சானின் கதிரையில் உட்கார்ந்தாள். நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றேன். மீன் வழக்கம்போல வாசல் பக்கம் வந்தது, நகர்ந்து கதிரைக்குப் போனது. அவளைப் பார்த்து உடம்பை ஆட்டியது. அவள் எழுந்து தன் கையால் தீனி போட்டாள். தின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு, அதுவரை ஒருநாளும் செய்யாததைச் செய்தது. கதிரையிலிருந்து வாசலை நோக்கி, அதே நடை வேகத்தில், திரும்பி வந்தது.

வாசலில் நின்ற நான் ஒதுங்கி வழிவிட்டேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். என் கால் தானாக நகர்ந்தது.

மீன் கண்ணாடியோரம் கொஞ்சம் நின்றுவிட்டு அடியில் போய்ப் படுத்தது. ராத்தா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பிளேன்டீ கொண்டு வா. இனி ஒண்டு போதும்."

அடுப்படியில் நான் முன்கூட்டியே இரண்டு கோப்பை ஊற்றி வைத்திருந்தேன். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு வந்து, இத்தனை நாள் வாய் வைக்கப் பயந்த மற்றதை நின்றபடியே அழுதுகொண்டு குடித்தேன்.