சம்பந்தி வீட்டு டிராக்டர்

என் அண்ணன் சந்தையில் மாடு பிடிப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், குளம்பைத் தூக்கித் தட்டிப் பார்ப்பார். விற்க வந்தவன் அழாத குறைதான். அதே மனிதர், சம்பந்தி வீட்டுப் பொருள் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். உறவுக்காரர் கொடுப்பதைச் சோதிப்பது மரியாதைக் குறைவாம். அந்தப் பாழாய்ப்போன மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

எழுபதுகளின் தொடக்கம். வீட்டுக்காரர் தவறிய பின் சேவூர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சோடி காங்கேயம் எருதுகள், கிணற்றில் ஒரு ஆயில் எஞ்சின். உழவுக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. இளவட்டமெல்லாம் பனியன் கம்பெனிக்கு சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். அவிநாசியில் பனியன் கம்பெனி வைத்திருந்த ஒருவரின் மகனுக்குத் தன் மகளை நிச்சயம் செய்திருந்தார். அந்தச் சம்பந்தி தன்னுடைய பழைய டிராக்டரை விற்கிறாராம். எருதுகளை விற்றுவிட்டு அதை வாங்கிக்கொள் என்றார்.

எனக்கும் ஆசைதான். டிராக்டர் வைத்திருந்தவர்களை எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் எருதுகளைக் கொடுத்த பின் அது காலை வாரினால் அந்த வருடம் என் காடு தரிசு.

"ஓட்டிப் பாத்துட்டுத்தானுங்கண்ணா வாங்குவேன்" என்றேன். அண்ணன் முகம் சுண்டிப்போனது.

நாங்கள் போனபோது டிராக்டருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, சந்தனப் பொட்டு வைத்து, சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். "வாங்க அம்மிணி, மொதல்ல காப்பி சாப்பிடுங்க" என்றார் சம்பந்தி. டம்ளரை பானட்மேல் வைத்துவிட்டு எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஆறிக்கிடக்கிற பழைய எஞ்சின் கிளம்புவதற்கு எவ்வளவு மல்லுக்கட்டும் என்பது, தினமும் கிணற்று எஞ்சினின் கைப்பிடியைச் சுற்றுகிற எனக்குத் தெரியாதா?

டிரைவர் ஸ்டார்ட் செய்தார். "கேளுங்க, தையல் மிசினாட்ட ஓடுது" என்று பூரித்தார் சம்பந்தி. நான் குனிந்து எஞ்சின் மூச்சு விடும் குழாயைத் தேடினேன். உள்ளே தேய்ந்துபோன எஞ்சின் என்றால் அந்த வழியாகத்தான் புகை குபுகுபுவென்று வரும். இதில் பொட்டுப் புகை இல்லை. விரலை விட்டேன். துணி தட்டுப்பட்டது. இழுக்க இழுக்க வந்தது, எண்ணெயில் ஊறிய பனியன் வேஸ்ட், கம்பெனியில் வெட்டிக் கழிக்கிற துண்டுத் துணி. ஊரில் எல்லாரும் மிசின் துடைக்கிற வேஸ்ட்டை இந்த மனிதர் குழாய்க்குள் திணித்து வைத்திருக்கிறார். அடுத்த நொடி புகை என் முகத்தில் அடித்தது. சேலையெல்லாம் எண்ணெய்.

"ஏனுங்க, இது என்னங்க?"

"தூசி போகாம இருக்கப் பசங்க வெச்சிருப்பாங்க அம்மிணி" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லைனரும் ரிங்கும் போயிருச்சுங்க. எஞ்சினைப் பிரிச்சு அதையெல்லாம் புதுசாப் போட்டுக் குடுங்க. என்ற காட்டுல உழுது பாத்துட்டு வாங்கிக்கறேன்" என்றேன். ஊரில் யாரிடம் வாங்கினாலும் கேட்கிறதுதான்.

சம்பந்தியின் சிரிப்பு நின்றது. என்னை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். "பொண்ணு எடுக்கற ஊட்டுலயே இப்படி நம்பிக்கை இல்லீன்னா எப்படிங்க?" குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. அதுதான் என்னை இன்னும் எரியவைத்தது.

அண்ணன் என் கையிலிருந்த வேஸ்ட்டைப் பிடுங்கினார். சம்பந்தி முகத்தில் விட்டெறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து, அதை மறுபடியும் அதே குழாய்க்குள் திணித்து விரலால் அழுத்திவிட்டார். "பொம்பளப் புள்ளைங்க, வெவரம் பத்தாது. மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி" என்றார்.

ஆறிப்போன காப்பியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். நான் வேண்டாம் என்றதும், சம்பந்தி மனம் கோணக்கூடாது என்று அண்ணனே அந்த டிராக்டரை வாங்கினார். தன் எருதுகளையும் விற்றார். கல்யாணம் தடபுடலாக நடந்தது. எனக்கு மட்டும் பத்திரிகை தபாலில் வந்தது.

அடுத்த மழைக்கு டிராக்டர் அண்ணன் காட்டுப் பள்ளத்தில், நடுச்சேற்றில் இறங்கி நின்றுபோனது. இஞ்சு நகரவில்லை. என் எருதுகளைக் கேட்டு ஆள் அனுப்பினார். போகக்கூடாது என்று வாய் சொன்னது, கூடப் பிறந்த பாசம் கேட்கவில்லை. நானே ஓட்டிக்கொண்டு போனேன். சங்கிலி மாட்டி, எருதுகள் வாயில் நுரை தள்ள இழுத்ததில், முன்சக்கரம் இரண்டும் மேட்டில் ஏறிவிட்டன. எருதுகள் மூச்சு வாங்கட்டும் என்று சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தினோம்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "உனக்குத்தான் அன்னிக்கே தெரிஞ்சுதே அம்மிணி. நீ இன்னுங் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா நான் இதை வாங்கியிருப்பனா?" என்றார்.

சங்கிலியைக் கழற்றிச் சேற்றில் போட்டேன். எருதுகளைத் திருப்பினேன். முட்டுக்கல் வழுக்கி, டிராக்டர் பின்னோக்கிப் பள்ளத்துக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. "அம்மிணி, அம்மிணி" என்று அவர் கூப்பிடக் கூப்பிட, எருதுகளோடு வீட்டைப் பார்த்து நடந்தேன்.