வாமதேவன் அத்தானின் மூக்கு

என் அத்தான் வாமதேவனின் மூக்கு 2006 பெப்ரவரியில் செத்துப்போனது. எங்களுக்கு அது தெரியவந்தது நவம்பரில், குடும்பத்தோடு போய்ச் சேரப்பார்த்த அன்றைக்கு.

அத்தான் இத்தாலியில், பலெர்மோவில் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையற்காரர் ஆனவர். மகள் கோசிகா ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று அக்கா பிடித்த பிடியில் லண்டன் வந்தார். ஃபாரஸ்ட் கேட்டில் வீடு, நகரத்துக்குள் ஓர் இத்தாலிய ரெஸ்டோரன்டில் வேலை. சமையல் விஷயத்தில் மனுசனுக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்றே மூக்கை உறிஞ்சி, "கறிக்குப் பெருஞ்சீரகம் காணாது" என்பார். அவரை விருந்துக்குக் கூப்பிடவே சனம் பயந்தது.

அந்த மூக்குத்தான் போனது. ஒரு காலை, ஸ்டேஷன் வாசலில் உறைபனியில் சறுக்கி, பின்மண்டை அடிபட விழுந்தார். காயம் ஆறியது, மணம் திரும்பவில்லை. உப்பு, புளி, உறைப்பு மட்டும் நாக்குக்குத் தெரிந்தது. மணம் தெரியாத சமையற்காரனை எந்த முதலாளி வைத்திருப்பான்? அத்தான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. கண்ணாலும் காதாலும் சமைக்கப் பழகிக்கொண்டார். வீட்டில் நடிப்பு வேறு. அக்கா குழம்பைக் கொண்டுவந்து வைத்தால், "ஆ, வாசம் ஆளைத் தூக்குது கமலா" என்பார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து குறை மட்டுமே கேட்டவள் என் அக்கா. பூரித்துப்போனாள், பாவம்.

கவனித்திருந்தால் பிடித்திருக்கலாம். திரிந்த பாலைத் தேநீரில் விட்டுக் குடித்தார். ஒருநாள் சோறு அடிப்பிடித்துக் கருகும்போது பக்கத்தில் நின்று பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "வயசு போகுது" என்று அக்கா சிரித்தாள்.

நவம்பரில் ரெஸ்டோரன்டின் தலைமைச் சமையற்காரன் விலகினான். சனிக்கிழமை புதிதாக ஒரு பாஸ்தா செய்து காட்டினால் அந்த இடம் உனக்கு என்று முதலாளி அத்தானிடம் சொல்லிவிட்டான். காட்டுப்பன்றிச் சொசேஜில் சோஸ் வைப்பதென்று அத்தான் தீர்மானித்தார். ஆனால் மணம் சரியா என்று சொல்ல ஒரு மூக்கு வேண்டுமே. அதனால் முதல்நாளே வீட்டில் வைத்துப் பார்க்க நினைத்தார். முதல்நாள் வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள பண்டியோ? உங்களுக்கென்ன விசரே?" அக்கா கத்தினாள்.

"நாளைக்கு முதலாளிக்குக் காட்ட வேணும். இண்டைக்கு விட்டா ஏலாது."

"அப்ப கதவைச் சாத்திப்போட்டுச் செய்யுங்கோ. என்னை உப்புப் பார்க்கக் கூப்பிடக்கூடாது."

அதனால் என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது சொசேஜின் தோலைக் கீறி, உள்ளிருந்த இறைச்சியை உதிர்த்துக்கொண்டிருந்தார். எண்ணெயில் போட்டுவிட்டுக் காதைச் சட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனார். சலசலப்பு அடங்கியதும் வெங்காயம், பிறகு சிவப்பு வைன், தக்காளி. வைன் கொதித்த ஆவியில் என் தலையைப் பிடித்து அமுக்கினார்.

"மணந்து பார் மச்சான். எப்பிடி?"

"நாறுது அத்தான்."

"எப்பிடி நாறுது? வடிவாச் சொல்லு."

"காட்டுப்பண்டி வேற எப்பிடி நாறும்?"

அவர் முகம் விழுந்துபோனது. அடுப்பு பழையது, முன்பிருந்தவர்கள் விட்டுப்போனது. நெருப்பை ஆகச் சின்னதாக்கி, சட்டியை மூடி, லைட்டை அணைத்து, குசினிக் கதவையும் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்தார். குளிருக்கு வீட்டு ஜன்னல் ஒன்றும் திறந்திருக்கவில்லை. மேலே கோசிகா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தார்.

"ஏன் அத்தான்?"

"சோஸ் கொதிக்கிற சத்தம் கேக்க வேணும்."

இதென்ன கூத்து என்று நான் பகிடி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு ஊர்க்கதை, வேலைக்கதை என்று நேரம் போனது. நாற்றம் மெல்ல மெல்லக் கூடி ஹாலெல்லாம் பரவியது. என் தலை கனத்தது. நாசமாய்ப்போன பன்றி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு இருந்தேன்.

அக்கா முழுகிவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

"ஐயோ, என்ன நாத்தமப்பா! சாமிக்கு எப்பிடி விளக்கு வைக்கிறது? முதல்ல சாம்பிராணி போட்டாத்தான் சரி."

சாமித்தட்டு குசினிக் கதவுக்குப் பக்கத்தில். அக்கா நெருப்புப்பெட்டியை எடுத்துக் குலுக்கினாள். அத்தான் சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"மச்சான், உனக்குச் சோஸ் சத்தம் கேக்குதே?"

கேட்கவில்லை. அக்கா குச்சியை உருவினாள்.

"கமலா! தட்டாதை!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மேசையைத் தட்டிவிட்டுக்கொண்டு பாய்ந்து அவள் கையைப் பிடித்து முறுக்கினார். குச்சிகள் சிதறின. குசினிக் கதவைத் தள்ளினார். ஹால் வெளிச்சத்தில் பார்த்தேன். சோஸ் பொங்கி அடுப்பெல்லாம் சிவப்பாய் வழிந்திருந்தது. நெருப்பு அணைந்து நூர்ந்துகிடந்தது. காஸ் திருகு திறந்தபடி.

அவர் திருகை மூட, நான் மேலே ஓடிக் கோசிகாவை இழுத்துக்கொண்டு வந்தேன். வாசல், ஜன்னல், பின்கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் பின்வளவில் போய் நின்றோம்.

"அவ்வளவு நாத்தம். உங்களுக்கு மணக்கேல்லையோ?" அக்கா கேட்டாள்.

"இல்லை."

"எப்ப இருந்து?"

"பெப்ரவரியில விழுந்தனே, அப்ப இருந்து."

மகளைச் சொல்லி ஏசுவாள், செத்திருப்போமே என்று குழறுவாள் என்று பார்த்தேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப என்ர குழம்பு?"

அத்தான் நிலத்தைப் பார்த்தார். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் அந்த மனுசனும் அழுதுகொண்டுதான் நின்றார்.

கோசிகா காலுறையோடு ஈரப்புல்லில் விறைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, உள்ள போவமே? குளிருது."

"கமலா, மணம் போயிட்டுதோ எண்டு பார்," என்றார் அத்தான். தாழ்ந்த குரல்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்கதவடியில் போய் மூச்சை இழுத்தாள். இன்னொருமுறை இழுத்தாள்.

"ஒண்டும் மணக்கேல்லை."

நானும் போய் இழுத்துப் பார்த்தேன். எனக்கும் ஒன்றுமில்லை.

"மணம் போயிட்டுதோ, இவ்வளவு நேரம் அதுக்குள்ள இருந்து உங்கட மூக்கு மரத்துப்போச்சோ?" அத்தான் கேட்டார்.

அக்கா மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். இருண்ட குசினிக்குள் ஃபிரிட்ஜ் கிளிக்கென்று தானாக ஓடத் தொடங்கியது. காஸுக்கு ஒரு பொறி போதும். அத்தான் கோசிகாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம்.