லூயியாக நின்ற காலைகள்

இன்று காலை கண்டி வாவிக்கரையில் ஒரு வெள்ளைக்காரத் தாய், பெஞ்சில் பையை விட்டுவிட்டு ஓடிய மகனைப் பார்த்து பிரெஞ்சில், "நூப்ளி பா தோன் சாக்!" என்றாள். பையை மறக்காதே. அந்த ஒரு வரியில் எங்கள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு அடுப்புப் புகை என் மூக்கில் ஏறியது.

அம்மா அப்போது டவுனில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் வேலை செய்தாள். அவர்கள் மகன் லூயியைப் பள்ளிக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. அவனிடம் பேச அந்த வீட்டுத் துரைசாணி சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு வரிகளை ரொட்டி தட்டிக்கொண்டே மனப்பாடம் செய்வாள்.

"புள்ள, லூயி மாதிரி வாசல்ல நில்லு."

நிற்பேன். எழுதும் கொப்பியை மறக்காதே, தண்ணீர்ப் போத்தலை மறக்காதே என்று பிரெஞ்சில் கொஞ்சுவாள். தமிழில் அவள் குரல் ஒருநாளும் அப்படிக் குழைந்ததில்லை. பார்த்தேயிராத லூயியை நினைத்து எனக்கு வயிறு எரியும்.

பிறகு அவனுக்கு நேரமாகிறதென்று மலையிறங்கி ஓடுவாள். நான் தனியே கதவைப் பூட்டிப் பள்ளிக்குப் போவேன். ஒருநாள் கொப்பியை விட்டுப்போய் அடிவாங்கி வந்து அம்மாவிடம் அழுதேன்.

"ஒன் கொப்பிய நீதான பாக்கணும்? நீ என்ன சின்னப் புள்ளயா?"

எனக்கும் லூயிக்கும் ஒரே வயது.

வாவிக்கரையில் அந்தத் தாய் மறுபடியும் கூப்பிட்டாள். பையன் திரும்பவே இல்லை. என்ன திமிர்! நான்தான் சட்டென்று என் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.