ட்ராமுக்குள் கத்திய ஹலோ

எங்கள் வீட்டில் ஹலோ என்பதை யாரும் சொல்வதில்லை. கத்துவோம். அன்று விம்பிள்டனில் ட்ராம் ஏறி மகளோடு வந்துகொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கும் அக்கா போன் எடுத்தாள். "ஹலோ! அக்கா! சாப்பிட்டியளே?" என்று தொண்டை கிழியக் கேட்டேன். ட்ராம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பதினைந்து வயது மகள் எழுந்துபோய், எனக்கும் அவளுக்கும் ஒரு தொடர்பும் இல்லாதவள் மாதிரிக் கதவடியில் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினாள். "அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பாத்தவை. இட்ஸ் ஸோ எம்பாரசிங்."

வெட்கத்தில் காது சுட்டது. எனக்கு வெட்கம் வந்தால் கூடவே கோபமும் வரும், பிறவிக் குணம். இவளை விடுவதில்லை என்று அகராதியைப் பிரித்தேன். ஹலோ என்பது வணக்கமாகப் பிறந்த சொல்லே அல்லவாம். அதன் பழைய வடிவம் ஹொல்லோ, அப்பட்டமான கத்தல். வேட்டைக்காரர் நாய்களை உசுப்பக் கத்தியது, தூரத்தில் போகிறவனை நிறுத்தக் கத்தியது. இன்னும் பின்னுக்குப் போனால், அக்கரையில் நிற்கும் தோணிக்காரனைக் கூப்பிட்ட பழைய ஜெர்மன் கூவல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. டெலிபோன் வந்தபிறகுதான் அது இத்தனை மரியாதையான சொல்லாகியிருக்கிறது.

"பாத்தியே? உந்த வெள்ளைக்காரரே கத்தித்தான் இருக்கினம்!" என்றேன்.

"அது ஆறு அம்மா. இது ட்ராம்."

அகராதியைப் பட்டென்று மூடினேன்.

அடுத்த கிழமையும் அதே ட்ராம், பக்கத்தில் மகள். அக்காவின் போன் வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "ஹலோ அக்கா" என்றேன், பெரிய லண்டன் சீமாட்டி மாதிரி.

அக்கா பதறிப்போய்க் கேட்டாள். "ஆரடி? ஆர் செத்தது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சண்டைக் காலத்தில் ஊருக்குப் போன் கதைப்பதென்றால் லைன் ஒரே இரைச்சல். பிள்ளை பிறந்ததை, விசா கிடைத்ததை எல்லாம் கத்தித்தான் சொன்னோம். சாவை மட்டும் யாராலும் கத்திச் சொல்ல முடியவில்லை. பிரான்சில் தம்பி செத்ததை நான் அக்காவுக்கு இதே குரலில்தான் சொன்னேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா" என்றேன், முன்னதைவிட மெல்ல. எருமை நான்! சுற்றிவர ஆட்கள் இருந்தார்களே, அதனால்.

"ஒளிக்காதையடி. உன்ர மனுசனோ? பிள்ளையோ? ஐயோ, என்ர குஞ்சுக்கு என்னடி நடந்தது?"

அக்கா குழறி அழத் தொடங்கிவிட்டாள். போனுக்கு வெளியிலும் கேட்டது. பெரியம்மா தனக்காகத்தான் அழுகிறாள் என்று மகளுக்கு விளங்கிவிட்டது. சட்டென்று என் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

"ஹலோ! பெரியம்மா! நான் இருக்கிறன்! நல்லா இருக்கிறன்! ஹலோ!"

இவளுக்குள் இப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அக்காவின் அழுகை மெல்ல மெல்ல அடங்கியது.

நானோ மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. ட்ராமில் யார் யார் எங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.