கலியாணக் கசற்றில் ஞானசேகரம்

குறிஞ்சாக்கேணி முனாப் திருகோணமலை நகரத்துக்குள் சின்னதாக ஒரு வீடியோக் கடை வைத்திருந்தான். ஒரு கமரா, படத்தை வெட்டி ஒட்ட இரண்டு டெக், ஒரு ரீவி, வருகிறவர்கள் இருக்க இரண்டு கதிரை. அவ்வளவுதான் கடை. ஆனால் தொண்ணூறுகளில் அவனுக்கு வேலைக்குக் குறைவிருக்கவில்லை. ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். கலியாணத்துக்கு வர ஏலாத அவர்களுக்கு வீடியோக் கசற் போகவேண்டும். தாலிகட்டோ நிக்காஹ்வோ, கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் முனாப் போனான்.

போகிற வழியில் ஒவ்வொரு ஆமிக் காவலரணிலும் கமராப் பையைத் திறந்து காட்டவேண்டும். துறைமுகம் படத்தில் விழுந்தால் கமரா திரும்பி வராது. அதனால் வெளியில் எடுக்கும்போதெல்லாம் கடலுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டுதான் நிற்பான். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர். அவன் எடுத்த கலியாணங்கள் எதிலும் கடல் இல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணி மாதம் லிங்கநகரிலிருந்து புஸ்பராணி தன் தம்பி குலசிங்கத்துடன் கடைக்கு வந்தார். மகள் பூரணிக்கு அடுத்த கிழமை கலியாணம். மகன் நிர்மலன் ஜேர்மனியில். அகதி வழக்கு முடியவில்லை, வர ஏலாது. அவனுக்குக் கசற் அனுப்பவேண்டும்.

"எடுக்கலாம் அக்கா. ஐயா வரேல்லையோ?" என்று முனாப் கேட்டான். துறைமுகத்தில் கிளாக்கராக வேலை பார்த்த ஞானசேகரத்தை அவனுக்குத் தெரியும்.

குலசிங்கம்தான் சொன்னார். வைகாசியில் ஒரு காலை ஆமியின் சுற்றிவளைப்பில் அத்தானைக் கொண்டுபோனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். மூன்று மாதமாக ஏறாத படி இல்லை. அப்படி ஒருவர் தங்களிடம் இல்லை என்கிறார்கள்.

"நிர்மலனுக்குத் தெரியாது," என்றார் புஸ்பராணி. "தெரிஞ்சா வழக்கை விட்டிட்டு வெளிக்கிட்டு வந்திடுவான். வந்தா அவனையும் பிடிப்பாங்கள். எனக்கு ரெண்டு பேரையும் தேடி அலைய ஏலாது தம்பி."

"கலியாணத்தைப் பின்போட ஏலாதோ?"

"ஒருக்காப் பின்போட்டாச்சு. குமர்ப் பிள்ளையை வீட்டில தனிய வைச்சிருக்கப் பயமாக்கிடக்கு."

பிறகு அவர் கேட்டதுதான் முனாப்பைத் திகைக்க வைத்தது. கசற்றில் தகப்பன் இல்லாவிட்டால் மகன் கேட்பான். கன்னிகாதானத்துக்குக் குலசிங்கமும் மனைவியும் இருப்பார்கள், அப்பாவுக்கு முதுகுப் பிடிப்பு, நிலத்தில் இருக்க ஏலாது என்று எழுதிச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு இடத்திலாவது அவர் நிற்கவேண்டும். "போன வருசம் தையில அவரோட வேலை செய்தவரின்ர மகளின்ர கலியாணம் நீங்கதானே எடுத்தனீங்க. அதில அவர் நிண்டவர்."

முனாப் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இல்லாத ஆளை இருப்பதாகக் காட்டுவது அவன் மனதுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவி றஹ்மாவிடம் சொன்னான். அவள் சோற்றைப் போட்டபடியே, "அந்தத் தாய் எவ்வளவு யோசிச்சிருப்பா உங்களிட்ட வந்து கேட்க" என்றாள்.

மறுநாள் பழைய கசற்றைப் போட்டுப் பார்த்தான். சண்டை நின்றிருந்த நாட்களில் எடுத்தது. மண்டப வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நிற்கிறார் ஞானசேகரம். வெள்ளைச் சேட்டு, வேட்டி, நெற்றியில் திருநீறு. வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக் கதைக்கிறார். கமராவைக் கண்டதும் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். இரண்டு நிமிடம் வரும். அந்த வீட்டுக்காரருக்குக் கொடுத்த கசற்றில் நீளம் கருதி இந்தத் துண்டை வெட்டியிருந்தான். அசல் அவனிடம் மட்டும்தான் இருந்தது.

கலியாணம் பகல் பத்து மணிக்கு நடந்தது. புஸ்பராணி பெரிய குங்குமப் பொட்டோடு நின்றார். அதைப் பார்த்து இரண்டு பெண்கள் காதுக்குள் கதைத்ததை முனாப் கமராவுக்குள்ளால் கண்டான்; கமராவை வேறு பக்கம் திருப்பினான். தாலி கட்டும்போது பூரணி குனிந்த தலை நிமிரவில்லை. கண்ணீர் மடியில் விழுந்தது. எந்தக் கலியாணப் பொம்பிளையும் அழுவதுதானே என்று அந்தக் காட்சியை அவன் விட்டுவைத்தான். அந்த வாசலிலும் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அதே மாதிரி ஒரு பக்கமாக நின்று எடுத்துக்கொண்டான்.

கடையில் உட்கார்ந்து ஒட்டியபோது நாற்பது விநாடிதான் எடுக்க முடிந்தது. மிச்சத்தில் மற்றக் கலியாணத்து ஆட்கள் வந்தார்கள். ஞானசேகரத்தின் குரலை எடுத்துவிட்டு மேலே நாதஸ்வரத்தைப் போட்டான். புஸ்பராணி வந்து பார்த்தார். அந்த இடம் வந்ததும், "இன்னொருக்கா" என்றார். ஐந்தாறு தரம் போட்டபிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி தம்பி, அனுப்புவம்" என்று எழுந்தார்.

கசற்றின் மேல் கடையின் பெயரும் பக்கத்துக் கடை ரெலிபோன் இலக்கமும் அச்சடித்து ஒட்டுவது முனாப்பின் வழக்கம். ஐப்பசியில் ஒருநாள் பின்னேரம் அந்தக் கடைக்காரர் வந்து கூப்பிட்டார். ஜேர்மனியிலிருந்து நிர்மலன்.

"அண்ணை, அப்பா எப்ப வந்தவர்?" என்று கேட்டான். குரலில் அவ்வளவு சந்தோசம்.

முனாப்புக்கு விளங்கவில்லை. "எங்கயிருந்து?"

"எனக்குத் தெரியும் அண்ணை. அப்பாவைப் பிடிச்சது ஆனியிலேயே தெரியும். லிங்கநகர்ப் பெடியன் ஒருத்தன் இங்க வந்து சொன்னவன். அம்மா எழுதேல்லை, அதால நானும் கேட்கேல்லை. இப்ப கசற்றில பார்த்தன். விட்டிட்டாங்கள்தானே? அம்மா அதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லை. அதுதான் உங்களிட்டக் கேட்பமெண்டு எடுத்தனான். எந்தக் காம்பில வைச்சிருந்தவங்களாம்?"

கசற் வந்த அன்று கூட இருக்கிற பெடியன்களுக்கெல்லாம் சோறு சமைத்துக் கொடுத்ததாக நிர்மலன் சொல்லிக்கொண்டிருந்தான். இதற்குப் பிறகும் பொய் சொல்ல முனாப்பால் ஏலவில்லை.

"தம்பி, அது பழைய படம். போன வருசம் எடுத்தது. நான்தான் ஒட்டினனான்."

மறுமுனையில் நிர்மலன் மெல்லச் சொன்னான்:

"அப்ப அப்பா வரேல்லை."

"இல்லைத் தம்பி. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க."

"நீங்க என்ன செய்வீங்க." என்றான் நிர்மலன். "எனக்குத் தெரியும் எண்டு அம்மாட்ட மட்டும் சொல்லாதேங்கோ. அவ நான் நிம்மதியா இருக்கிறன் எண்டு நினைக்கட்டும்."

முனாப் சொல்லவில்லை. நிர்மலன் தகப்பனுக்கும் சேர்த்துத் தாய்க்குக் கடிதம் எழுதினான். முதுகுப் பிடிப்புக்கு எண்ணெய் போடச் சொன்னான். புஸ்பராணி அந்தக் கடிதங்களைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். "பாவம், ஒண்டும் தெரியாது அவனுக்கு" என்பார். முனாப் ஓம் என்பான். அவர் போனபிறகு கொஞ்ச நேரத்துக்கு வேலையில் மனம் செல்லாது.

இப்படி ஏறக்குறைய இரண்டு வருசம் போனது. விசா கிடைத்தபிறகு நிர்மலனே தாயிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அடுத்தநாள் காலை புஸ்பராணி கடைக்கு வந்தார். கோபப்படுவார் என்று முனாப் நினைத்தான். அவர் கதிரையில் இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"அந்தப் பழைய கசற்றைப் போடுங்கோ தம்பி. அவற்ற குரலைக் கேட்கவேணும். எங்கட கசற்றில நாதஸ்வரம்தான் கேட்குது."

முனாப் தலை குனிந்தான். கசற் தட்டுப்பாடான மாதங்களில் அதன்மேல் வேறொரு கலியாணத்தை எடுத்துவிட்டான். எல்லாரும் செய்கிறதுதான். வெட்டிக் கொடுத்தபிறகு அசலை யார் கேட்டு வருவார்கள்?

"அழிச்சுப்போட்டன் அக்கா."

அவர் நெடுநேரம் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை. பிறகு, "என்ன கதைச்சவர் எண்டாவது ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு. 'வாங்கோ, முதல்ல குடிக்க ஏதும் எடுங்கோ, வெயில்' எண்டவர். வந்த எல்லாருக்கும் அதைத்தான் சொன்னவர்."

"ஓம். சொல்லியிருப்பார்," என்றார் புஸ்பராணி.

ஞானசேகரம் திரும்பி வரவில்லை. முனாப் அதற்குப் பிறகு ஒரு அசலையும் அழிக்கவில்லை. வீட்டு அலுமாரி நிறைந்து கட்டிலுக்குக் கீழேயும் அடுக்கினான். றஹ்மா எடுத்துக் கொடுத்தாள். செய்தி பரவி, பிள்ளைகளைக் காணாமல் தேடுகிறவர்கள் கடலுக்கு அங்கால் கட்டைபறிச்சானிலிருந்துகூட வந்தார்கள். இன்ன வருசம் இன்னாருடைய கலியாணத்தில் என்ர மகன் நின்றவன், ஒருக்காப் பாருங்கோ என்பார்கள். அவன் கதிரையில் இருத்திப் போட்டுக் காட்டுவான். சிலருக்குத் தோளும் பாதி முகமும் கிடைத்தன. பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு தகப்பன் ஒரு முழுக் காலையும் இருந்து மூன்று கசற் பார்த்தும் மகனைக் காணாமல், பந்தியில் சாப்பாடு நல்லாப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.