மரியமலர் அக்காவின் வட்டக் கட்டடம்

மரியமலர் அக்கா ஒன்றை முடிவு செய்துவிட்டால் ஆயரே வந்தாலும் மாற்ற முடியாது. மன்னாரில் பிறந்தவர். இப்போது இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதிக்கு அப்பால், பழைய மாளிகை ஒன்றில் சிஞோரா கொஸ்தான்சா என்ற வயதான அம்மாவைப் பராமரிக்கிறார்.

தோட்டத்து மூலையில் வட்டமாக ஒரு கல் கட்டடம். யன்னல் இல்லை, கூரை உச்சியில் மட்டும் ஒரு ஓட்டை. உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள். எதற்காகக் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பனிக்கட்டி வைத்த இடம் என்றார் தோட்டக்காரர். வைன் அறை என்றார் சிஞோராவின் மகன். அக்கா ஒருமுறை எட்டிப் பார்த்தார். கதை முடிந்தது.

"இது கோயில். இத்தனை மாடம் புனிதர்மாருக்கில்லாமல் வேறை ஆருக்கு?"

சிஞோராவும் நம்பிவிட்டார். அக்கா கூட்டிக் கழுவி, கூரை ஓட்டையைப் பலகையால் அடைத்து, நடு மாடத்தில் மன்னார் மடுக் கோயில் மாதாவின் சுரூபத்தை வைத்தார். பக்கத்தில் மடுவிலிருந்து கொண்டுவந்த மண் ஒரு முடிச்சு. பாம்புக்கடிக்கே காவல் என்று எங்கள் ஆட்கள் நம்பும் மண் அது. ஞாயிறுதோறும் நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் தமிழர்கள் நாங்கள் அங்கே செபமாலை சொல்லப் போனோம். எங்கள் வாடகை அறைகளில் கொஞ்சம் சத்தமாகப் பாடினாலே பக்கத்து வீட்டார் சுவரில் தட்டுவார்கள். அங்கே தொண்டை கிழியப் பாடினோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதில் மகன் மண்ணை அள்ளிப் போட்டார். அவருடைய மோட்டார் சைக்கிள்களை நிறுத்த அந்த இடம் வேண்டுமாம். கோயில் என்றால் தொடமாட்டாராம், இல்லையென்றால் காலி செய்ய வேண்டுமாம். பழைய கட்டடங்களை ஆராயும் பெண் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் மாடங்களுக்குள் கைவிட்டுப் பார்த்தார், கூரையையும் பார்த்தார். புறாக்கூடு என்றார். அந்தக் காலத்தில் இறைச்சிக்கும் எருவுக்கும் புறா வளர்த்தார்களாம். கூரை ஓட்டை புறாக்கள் வந்துபோகும் வழியாம்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாளும் புறா எச்சம் விழுந்த தரையிலா முழந்தாளிட்டோம்! மகன் சாவிக்குக் கையை நீட்டினார்.

அக்கா சாவியைக் கொடுக்கவில்லை. சிஞோராவின் பக்கம் திரும்பினார்.

"யேசு ஞானஸ்நானம் எடுக்கேக்கை பரிசுத்த ஆவி என்ன உருவத்திலை வந்தவர், சிஞோரா?"

சிஞோரா கொஞ்சம் யோசித்தார். "புறா."

"அப்ப நான் சொன்னதிலை என்ன பிழை? எங்களுக்கு முதலே அவர் இஞ்சை குடியிருந்திருக்கிறார்."

சிஞோரா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். மகன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது மோட்டார் சைக்கிள்கள் எலுமிச்சை மரத்தடியில் நின்றன. உள்ளே வழக்கத்தைவிட வெளிச்சமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரைப் பலகையை அக்கா கழற்றியிருந்தார்.

"வாறவர் வரட்டும்," என்றார்.

நான் முக்காட்டைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முழந்தாளிட்டேன்.