பேர்கன் துறைமுகத்தில் ஒரு பால்மா டின்

சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு நாங்கள் அதுவரை போனதே இல்லை. லண்டன் என்றால் தம்பி வீடு, பாரிஸ் என்றால் மச்சாள் வீடு, ரொறன்ரோ என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் நோர்வேயில் பேர்கன் என்ற பழைய துறைமுக நகரத்துக்கு மகள் டிக்கெட் எடுத்துத் தந்தபோது, "அங்கை ஆர் இருக்கினம்?" என்றுதான் என் கணவர் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. அதுக்குத்தான்," என்றாள் அவள்.

செய்தி மொன்றியலில் நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்கப் பரவிவிட்டது. புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் ஒருவர் கதவைத் தட்டினார். தமிழ்க் கடையில் கண்டால் சிரிக்கிற அளவுக்குத்தான் பழக்கம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். பசை நாடா சுற்றிச் சுற்றி ஒட்டிய ஒரு பால்மா டின்னையும் இரண்டு போன் நம்பர் எழுதிய துண்டையும் நீட்டினார்.

"அக்கா, பேர்கனிலை என்ர தம்பி இருக்கிறான். இதைக் குடுத்துவிடுவியளே? அவன் வந்து வாங்குவான்."

யாராவது எங்காவது போகிறார்கள் என்றால் அவர்களிடம் சாமான் கொடுத்துவிடுவது எங்கள் சனத்தின் வழக்கம். உள்ளே என்ன என்று கேட்பது மரியாதை இல்லை. எப்படியும் மிளகாய்த்தூளாகத்தான் இருக்கும். பெட்டிக்குள் சப்பாத்துகளுக்கு நடுவில் செருகினேன். விமான நிலையத்தில், வேறு யாராவது ஏதாவது தந்தார்களா என்று கேட்ட பெண்ணிடம், வழக்கம்போல இல்லை என்றேன்.

பயம் பேர்கன் ஹோட்டலில்தான் தொடங்கியது. பெட்டியைத் திறந்தபோது ஏதோ குறைவதாகப் பட்டது. மணம்! வறுத்த தூள் எத்தனை உறைக்குள் கட்டினாலும் உடுப்பெல்லாம் மணக்கும். இது ஒன்றுமே மணக்கவில்லை. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே மா மாதிரி ஏதோ சரிந்தது. இடையிடையே சின்னக் கட்டிகள் தகரத்தில் தட்டின.

"இஞ்சேருங்கோ, இது தூள் இல்லை. போதை மருந்தோ தெரியாது."

"உமக்கு விசர்," என்றார் கணவர். சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

தம்பிக்காரர் போன் எடுக்கவில்லை. மொன்றியலிலும் யாரும் எடுக்கவில்லை. நான் கார்தெறியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், குழந்தைகள் பார்க்கிறவள். பொலிஸ் பதிவில் ஒரு புள்ளி விழுந்தாலும் அந்த வேலை போய்விடும். வேலை போகட்டும், மறியல் வீட்டுக்குள் அடைத்துவிட்டால்? அகதியாக வந்து, கெஞ்சி, காத்திருந்து ஒரு கடவுச்சீட்டு எடுத்தது இதற்காகவா?

மறுநாள் ஊர் பார்க்கப் போனபோது டின் என் கைப்பைக்குள் இருந்தது. அறை துடைக்க வருகிறவர்கள் கண்டுவிட்டால்? மழை தூறிக்கொண்டிருந்தது. துறைமுகக் கரையோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பழைய வியாபாரிகளின் மரவீடுகள். இவை எத்தனையோ முறை எரிந்து, எரிந்த இடத்திலேயே திரும்பக் கட்டப்பட்டவை என்றாள் வழிகாட்டிப் பெண். தீப்பிடிக்கும் என்ற பயத்தில் பனிக்காலத்திலும் உள்ளே நெருப்பு மூட்டமாட்டார்களாம். எனக்கு அந்த மனிதர்களைப் பிடித்துப்போனது.

மீன்சந்தையைக் கடந்தபோது இரண்டு பொலிஸ்காரர்கள் ஒரு நாயுடன் வந்தார்கள். நாய் என்னைத்தான் பார்த்தது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பக்கத்தில் ஒரு குப்பைத் தொட்டி. டின்னை எடுத்து, கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டுவிட்டேன்.

"விசரி, கமரா இருக்கும்! எறிஞ்சது நீர் எண்டு வடிவாத் தெரியும்," என்று கணவர் காதுக்குள் சீறினார்.

கையை வெளியே எடுத்தேன். டின்னோடுதான் எடுத்தேன், ஆனால் அது நேர்மையால் இல்லை, கமராவுக்குப் பயந்து. நாய் எங்களைத் தாண்டி யாரோ தின்றுகொண்டிருந்த பாணை நோக்கிப் போனது.

மத்தியானம் தம்பிக்காரர் எடுத்தார். மீன் தொழிற்சாலையில் வேலையாம், உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்களாம். துறைமுகத்துக்கே வருகிறேன் என்றார். வரட்டும், நாலு கேள்வி நறுக்கென்று கேட்கலாம் என்று நானும் வாயைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

முப்பது வயது இருக்கும். மழை அங்கியோடு ஓடி வந்தார். நான் வாய் திறக்க முதல் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். ஈரக் கல்லில் வெறுங்காலோடு நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

டின்னைக் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அம்மா," என்றார்.

என் கணவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். எனக்குத்தான் விளங்க நேரம் எடுத்தது.

"போன மாசம் மொன்றியலிலை தவறிட்டா. எனக்கு விசா கிடைக்கேல்லை அக்கா. அண்ணை என்ர பங்குக்கு எண்டு கொஞ்சச் சாம்பல் எடுத்து வைச்சவர். செத்தவீட்டுத் துடக்கு எண்டு ஒருத்தரும் கொண்டுவர மாட்டினம் எண்டு உங்களிட்டைச் சொல்லேல்லையாம். குறை நினைக்காதேங்கோ. பின்னேரம் கடலிலை கரைக்கப் போறன்."

மறியல் பயம் போன இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. என் முகத்தைப் பார்த்தே குப்பைத் தொட்டியை அறிந்துவிடுவாரோ? அவர் நேராகத்தான் பார்த்தார்.

"அம்மாக்கு பிளேன் எண்டால் சரியான பயம், அக்கா. தனியப் போகமாட்டா. வழியிலை ஆரும் பக்கத்திலை இருந்தவையே?"

"ஓம் தம்பி," என்றேன். "நான் மடியிலைதான் வைச்சிருந்தனான்."